பழைய ஆர்எக்ஸ் 100-ஐ ரெடி பண்ணுவதா, புது 125 வாங்குவதா?

கேள்வி: அப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பெங்களூரு அல்சூர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஆறு வருஷமாக நிற்கிறது. முழுசாக ரெடி பண்ண மெக்கானிக் 75,000 ரூபாய் கேட்கிறார். எனக்குத் தினமும் எலக்ட்ரானிக் சிட்டி போய்வர வேண்டும். புது 125 சிசி வண்டி ஆன்ரோடு ஒண்ணேகால் லட்சம் ஆகும் போலிருக்கிறது. எதைச் செய்யலாம்?

பதில்:

தினசரி ஆபீஸுக்கு என்றால் புது வண்டிதான். அதற்காக ஆர்எக்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 75,000 ரூபாயை ஒரே மூச்சில் மெக்கானிக் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம்.

முதலில் ஓட்டச் செலவு. போக வர 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் சிட்டி டிராஃபிக்கில் 35 கொடுக்கும் என்று வைத்தால் ஏறக்குறைய 29 லிட்டர் பெட்ரோல். புது 125 வண்டி 55 கொடுத்தால் 18 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற ஊரில் இதுவே மாதம் ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம். அதற்கு மேல், பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) மாதம் முக்கால் லிட்டருக்கு மேல் போகும். சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் பிளக்கில் கரி ஏறி அடைக்கும். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். புது 125-ல் ஒரு பிரேக்கை மிதித்தால் இரண்டும் பிடிக்கிற சிபிஎஸ், இல்லை சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும், 2019 ஏப்ரலிலிருந்து அதுதான் சட்டம். 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கர்நாடகத்தின் ஆயுள் வரி அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், அது வேறு கதை.

அடுத்தது ஆர்சி புக். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் விவரம் வருகிறதா? வரவில்லை என்றால் பழைய ரிஜிஸ்டரிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை என்று அர்த்தம். ஆர்டிஓவில் பேக்லாக் என்ட்ரி போட்ட பிறகுதான் மற்ற எதுவும் நகரும். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்: ஃபார்ம் 25, இன்ஷூரன்ஸ், எமிஷன் சர்டிபிகேட், பசுமை வரி, கூடவே வண்டியையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 2,000 ரூபாயாக ஏறியது. தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் தனி. வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால், அவர் இருக்கும்போதே மாற்ற ஃபார்ம் 29, 30. காலமாகிவிட்டார் என்றால் ஃபார்ம் 31, வாரிசுச் சான்றிதழோடு. தர்மபுரி, வேலூர் பக்கமிருந்து வந்த டிஎன் நம்பர் என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, கேஏ நம்பருக்கு மாற்ற வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வேறு மாநில நம்பரில் ஓட்ட முடியாது.

சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும். துருவைச் சுரண்டாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலைத் தேய்த்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் விழ வேண்டும். ஆர்டிஓவும் இதே பென்சில் பிரிண்ட்தான் கேட்பார்கள். பின்னால் ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் போடும்போது இந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மணல் அடித்து, மேலே கனமாகக் கோட்டிங் ஏறினால் நம்பர் மழுங்கிப்போகும். அப்புறம் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்காது. இப்போதே நம்பர் படிக்க முடியவில்லை, அல்லது ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை என்றால் இந்தப் பதிலின் மீதியை விட்டுவிடுங்கள். அந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

பேப்பர் சரி என்றால் இன்ஜினுக்கு வருவோம். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. நிறுத்தி முப்பது வருஷம் ஆகியும் பார்ட்ஸ் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் ஜே.சி. ரோட்டில் கிடைப்பதில் பெரும்பாலானவை டூப்ளிகேட். சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) ஒரிஜினல் பழைய பார்ட்ஸ் தேறும். கார்புரேட்டர் பாடி, ஸ்விட்ச், ஹப் மாதிரி தேயாத சாமான்களுக்குக் குஜரி நல்லது. தேயும் சாமான்களை அங்கே வாங்காதீர்கள்.

ஆறு வருஷம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கட்டாயம் போயிருப்பது க்ராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஆயில் சீல்கள். ரப்பர் காய்ந்து உதடு கெட்டியாகிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் க்ராங்க் கேஸும் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும், பெட்ரோல் கலவையை அங்கே உறிஞ்சி அழுத்தித்தான் மேலே தள்ளுகிறது. இடது பக்கம், அதாவது மின்சாரம் தரும் மேக்னெட் பக்க சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறையும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். வலது பக்கம், கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும்: வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. இரண்டையும் ‘கார்புரேட்டர் ட்யூனிங்’ என்று சொல்லி ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மேக்னெட் பக்கத்தைச் சோதிப்பது எளிது. கவரைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது சீல் இருக்கும் இடத்தில் கார்ப் க்ளீனர் கொஞ்சம் அடித்தால், கசிவு இருந்தால் இன்ஜின் சத்தம் உடனே மாறும்.

அடுத்து க்ராங்க். இன்ஜின் நின்றிருக்கும்போது மேக்னெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் மெயின் பேரிங் போயிற்று. சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து பயப்படாதீர்கள், அங்கே கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். நேர் மேலும் கீழுமாக ஆட்டம் தெரிந்தால்தான் ராட் கிட் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு க்ராங்கை டயல் கேஜில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், முள் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. சுத்தியலால் தட்டி ‘கண்ணளவில் சரி’ என்று சொல்கிற லேத்தில் கொடுத்தால், ஹேண்டில்பார் நடுக்கத்தில் கை மரத்துப்போகும், புது பேரிங்கும் சீக்கிரமே சத்தம் போடும். மெயின் பேரிங் வாங்கும்போது நம்பரின் கடைசியில் சி3 என்று இருக்கிறதா பாருங்கள். சூட்டில் விரிய இடம் விட்ட பேரிங் அது.

சிலிண்டர் ஸ்டாண்டர்டு போர் (உள்விட்டம்) 50 மில்லிமீட்டர். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு முறை ரீபோர் செய்யலாம், அதாவது கடைந்து பெரிதாக்கலாம், அதற்கு மேல் ஸ்லீவ் என்கிற புது உள்குழாய்தான். வரிசை முக்கியம்: முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிஸ்டனோடு சிலிண்டரை லேத்துக்குக் கொடுங்கள். முதலில் போர் போட்டுவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடினால் இடைவெளி கூடும், இல்லை குறையும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். போர் போட்டதும் போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள்) ஓரங்கள் பிளேடு மாதிரி கூராக இருக்கும். அவற்றை லேசாகச் சரித்து மழுக்க வேண்டும், விட்டால் ரிங் அங்கே மாட்டி உடையும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, இரு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங் முனைகள் பள்ளத்திலுள்ள பின்னில் உட்கார வேண்டும், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் லாக் எப்போதும் புதுசாகப் போட வேண்டும். ஐந்து ரூபாய் லாக்கை மிச்சம் பிடிக்கப்போய் சிலிண்டரில் கோடு விழுந்த வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை.

‘அப்படியே 135 போர் போட்டுக்கலாம், பிக்கப் பிச்சுக்கும்’ என்பார்கள். வேண்டாம். ஆர்சியில் 98 சிசி என்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றினால் விபத்து க்ளெய்மில் இன்ஷூரன்ஸ்காரர் பிடித்துக்கொள்வார். கலரும் அப்படித்தான். ஆர்சியில் கறுப்பு என்றால் சிவப்பு அடிக்கும் முன் ஆர்டிஓவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் பெட்ரோல் காக் என்கிற திறப்பானைக் கழற்றி ஓட்டையை அடைத்து, மிதமான சுடுதண்ணீரில் லிட்டருக்கு 70 கிராம் வீதம் எலுமிச்சை உப்பு கரைத்து வாய்வரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கொட்டிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள், உடனே ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். அரை மணி நேரம் ஈரமாக விட்டாலே மஞ்சள் துரு திரும்ப வரும். காய்ந்ததும் 200 மில்லி 2டி ஆயிலை ஊற்றிக் குலுக்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூப், காக் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாம் புதுசு போடுங்கள். கலவையில் பெட்ரோல் குறைவது போன்ற நிலை வரும் என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாகத் தேவைப்படலாம். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் ஜெட்டை ஏற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

ஆக, 75,000 எஸ்டிமேட்டை இன்ஜின், வயரிங், பிரேக்-டயர், பெயிண்ட்-க்ரோம் என்று நாலாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெயிண்டும் க்ரோமும் கடைசியில். பலர் தலைகீழாகச் செய்து, பளபளக்கும் வண்டியின் இன்ஜினைத் திரும்பப் பிரிக்கும்போது டேங்கில் கீறல் வாங்குகிறார்கள். புது வண்டிக்கு மாதத் தவணை போனபிறகு மிச்சம் எவ்வளவோ, அந்த அளவுக்கு இதைத் துண்டு துண்டாகச் செய்யலாம். கழற்றிய பழைய பார்ட்ஸை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுத் திரும்ப வாங்குங்கள், ஒரிஜினல் எதுவும் கைமாறிப் போகக் கூடாது.

இன்ஜின் ஆனதும் முதல் இரண்டு டேங்க், ஆயில் பம்ப் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுங்கள். 500 கிலோமீட்டர் வரை அரை ஆக்சிலேட்டருக்கு மேல் முறுக்காதீர்கள், பின்னால் ஆளை ஏற்றி மேம்பாலம் ஏறாதீர்கள்.

இன்றைக்கு ஆசையில் கிக்கரை மட்டும் மிதித்துவிடாதீர்கள். காய்ந்த சிலிண்டரில் ஒட்டிய ரிங் சுவரைக் கீறும். பிளக்கைக் கழற்றி 10 மில்லி 2டி ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். இறங்கினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இறங்காவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், சிலிண்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.