சென்னையில் அப்பாவுக்கு ரிஹேப் சென்டர்: மாமாவை இரவு எட்டரை மணிக்கு அனுப்புங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: நியூஜெர்சிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. சென்னையில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் அசையவில்லை, பேச்சு குழறுகிறது. மூக்கில் ரைல்ஸ் டியூப் (வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்), கீழே யூரின் டியூப். சர்க்கரையும் உண்டு. அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். மடிப்பாக்கம் மாமா இரண்டு ரிஹேப் (மறுவாழ்வு) சென்டர்களை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று ஓ.எம்.ஆரில் புதுக் கட்டடம், இன்னொன்று வேளச்சேரியில் பழைய வீட்டை மாற்றிக் கட்டியது. எதில் சேர்ப்பது?

வீடியோவில் தெரிவது டைல்ஸும் ஏசியும்தான். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இங்கே அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. சோதனை அறிக்கை, நர்ஸ் எண்ணிக்கை எல்லாம் இணையத்திலேயே பார்க்கலாம். சென்னையில் அந்த மாதிரி பொதுவான தரப்பட்டியல் எதுவும் கிடையாது. கூகுள் நட்சத்திரத்தைப் போடுவது பெரும்பாலும் பார்க்க வந்துபோன சொந்தக்காரர்கள், படுத்திருப்பவர் போடுவதில்லை. அதனால் மாமாதான் உங்கள் இன்ஸ்பெக்டர்.

முதலில் காகிதம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சமூக நலத் துறையில் முதியோர் இல்லமாக மட்டும் பதிவு செய்துவிட்டு வாசலில் 'ரிஹேப்' என்று போர்டு வைத்திருந்தால், டியூபும் சர்க்கரையும் உள்ள நோயாளிக்கு அது சரிவராது. அடுத்தது, 'சிஸ்டர்' என்று கூப்பிடப்படுகிறவர்களில் எத்தனை பேர் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்? மீதிப் பேர் சில வாரப் பயிற்சி எடுத்த அட்டெண்டர்கள். அட்டெண்டர் இருப்பதில் தவறில்லை, துடைப்பதும் புரட்டுவதும் அவர்கள்தான். ஆனால் ரைல்ஸ் டியூப் மாற்றுவதும் இன்சுலின் போடுவதும் அவர்கள் வேலை இல்லை.

இப்போது நேரம். பகல் பதினொரு மணிக்கு எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். மாமாவைச் சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டரைக்குப் போகச் சொல்லுங்கள். பல இடங்களில் எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்; பகல் ஆள் கிளம்பியிருப்பார், இரவு ஆள் முழுதாக வந்திருக்க மாட்டார். அந்தத் தளத்தில் எத்தனை கட்டில், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணட்டும். இருபது படுக்கைக்கு ஒரு சிஸ்டரும் ஒரு அட்டெண்டரும் என்றால் கணக்கே உதைக்கும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். கனமானவர் என்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், டயப்பரும் மாற்றினால் ஒருவருக்கே பத்து நிமிடம் ஆகும். பத்துப் பேர் அப்படிப் படுத்திருந்தால் அந்த இருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நூறு நிமிடம் அதற்கே போய்விடும். மருந்து கொடுக்க, மணி அடித்தால் ஓட யார் இருக்கிறார்கள்?

படுக்கைப் புண் வருவது இப்படித்தான். பிட்டத்துக்கு மேல் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம், இந்த மூன்று இடத்திலும் அழுத்தம் விடாமல் இருந்தால் ரத்த ஓட்டம் தடைபடும். முதலில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. அந்தக் கட்டத்தில் கவனித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தோல் உரிந்து உள்ளே போய்விட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும். ஏர் பெட் (மோட்டாரில் காற்று ஏறி இறங்கும் மெத்தை) இருந்தால் புரட்டத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏர் பெட் போட்டிருக்கும் கட்டில்களில் மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்று மாமா பார்க்கட்டும். சத்தம் பிடிக்காமல் அணைத்து வைப்பது சகஜம். கட்டில் தலைமாட்டில் புரட்டிய நேரம் எழுதிய சார்ட் இருக்க வேண்டும். இரவு எட்டரைக்கே மறுநாள் காலை ஆறு மணி வரை கையெழுத்து போட்டிருந்தால், அதற்கு மேல் என்னிடம் கேட்கவே வேண்டாம்.

படுத்திருப்பவர்களைப் பார்க்கவும் தெரிய வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, யூரின் பை தரையில் கிடக்கிறதா? அது சிறுநீர்ப் பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. தண்ணீரும் அழைப்பு மணியும் செயல்படும் கைப் பக்கம் இருக்கிறதா? உங்கள் அப்பாவுக்கு இடது பக்கம். மணியை வலது பக்கம் மாட்டியிருந்தால் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். வாசலிலிருந்து கடைசி அறை வரை மூத்திர வாடை என்றால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். மூக்கைத் துளைக்கும் பினாயில் வாடையையும் நான் சந்தேகப்படுவேன். யார் கையாவது கட்டிலோடு கட்டப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். டியூபைப் பிடுங்குகிறார் என்பார்கள். கையுறை மாட்டுவது, பக்கத்தில் ஆள் வைப்பது என்று வேறு வழி உண்டு. டாக்டர் எழுதாமல் கட்டுவதும், இரவில் தூக்க மருந்து கொடுத்து அமைதியாக வைப்பதும் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் ருசியை விட்டுவிடுங்கள். டியூபில் கஞ்சி ஊற்றும்போதும் அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் மேலே ஏறி நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். டியூபை எடுப்பதற்கு முன் விழுங்கும் திறனை ஸ்பீச் தெரபிஸ்ட் சோதிக்கிறாரா என்று கேளுங்கள். 'ஒரு வாய் காபிதானே' என்று கொடுப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஆபத்து. கெட்டியான கஞ்சியைவிட காபி, தண்ணீர் போன்றவை வேகமாக வழிந்து மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இதைச் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். டம்ளரை நீட்டுவது பெரும்பாலும் பார்க்க வந்த அத்தைதான்.

பிசியோவுக்கு வருவோம். 'தினமும் பிசியோ உண்டு' என்பது பதிலே இல்லை. எத்தனை நிமிடம், தனியாகவா கும்பலாகவா, ஞாயிற்றுக்கிழமை உண்டா? இங்கே மருத்துவமனை ரிஹேபில் நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் என்பது வழக்கமான அளவுகோல். அதில் பிசியோ, ஆக்குபேஷனல் (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைப் பயிற்சி), ஸ்பீச் மூன்றும் சேர்ந்திருக்கும். சென்னையில் பல இடங்களில் கையைக் காலை முப்பது நிமிடம் அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் முன்னேற்றம் வேகமாக வரும் காலம், அதை முப்பது நிமிடத்தில் கரைக்கக் கூடாது. சேரும் நாளில் பார்தெல் மதிப்பெண் (நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் அளவு) எழுதுகிறார்களா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரும்ப எழுதுகிறார்களா என்று கேளுங்கள். எண் ஏறவில்லையென்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். அப்பாவுக்குப் பேச்சு குழறுவதால் ஸ்பீச் தெரபிஸ்ட் தமிழில் பயிற்சி கொடுப்பவராக இருக்க வேண்டும், கவனிக்கும் அட்டெண்டரில் ஒருவருக்காவது தமிழ் தெரிய வேண்டும். வெளிமாநில அட்டெண்டர்கள் நன்றாகவே உழைக்கிறார்கள், ஆனால் பாதிச் சொல்லைப் பிடித்துப் புரிந்துகொள்ள மொழி வேண்டுமே. இன்னொன்று: வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். பிசியோ அறையில் யாரையாவது அப்படித் தூக்குவதை மாமா பார்த்தால் அந்த இடம் வேண்டாம்.

யூரின் டியூப் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க மறக்காதீர்கள். டயப்பர் மாற்றும் வேலை மிச்சம் என்று மாதக்கணக்கில் விட்டுவைக்கும் இடங்கள் உண்டு. தொற்று அங்கேதான் தொடங்கும்.

இடம் பற்றி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் நின்றது உங்களுக்கே தெரியும். பழைய வீடு என்றால் நோயாளிகள் எந்தத் தளத்தில், ஜெனரேட்டர் எந்த உயரத்தில், லிப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா என்று பாருங்கள். சி.டி. ஸ்கேனோடு இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் மருத்துவமனைக்கு மாலை நேர நெரிசலில் எத்தனை நிமிடம்? திரும்பவும் ஸ்ட்ரோக் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

பணம். 'பேக்கேஜ்' என்பதில் எது சேராது என்று எழுதி வாங்குங்கள்: டயப்பர், மருந்து, ஏர் பெட் வாடகை, ஆக்சிஜன், டாக்டர் வருகை, ஸ்பீச் தெரபி, தனி அட்டெண்டர். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும். இன்சூரன்ஸை நம்பாதீர்கள். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் தங்குவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் ஐந்தாவது. பெரும்பாலான பாலிசிகளில் அது இருக்கும். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பிரிவு இருந்தால், டாக்டர் சீட்டோடு பிசியோ, மருந்து பில்களைக் கேட்டுப் பார்க்கலாம். கை கடித்தால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையும், 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையையும் விசாரியுங்கள். அப்பாவை இங்கே கூட்டி வரும் யோசனை இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். விசிட்டர் விசாவில் மெடிகேர் கிடையாது.

சேர்க்கும் நாளில் பிட்டம், குதிகால் இரண்டையும் சிஸ்டர் முன்னிலையில் போட்டோ எடுத்து, தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுத வைக்க வேண்டும். பிறகு புண் வந்தால் 'ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது' என்ற பேச்சுக்கு இடமில்லை. அவசர முடிவுக்குக் கையெழுத்துப் போட மாமாவின் பெயரைப் படிவத்தில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பங்குக்கு நேர வித்தியாசம் கைகொடுக்கும். கோடையில் இங்கே மதியம் ஒன்று என்றால் அங்கே இரவு பத்தரை. வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்துக்கு வீடியோ காலில் கூப்பிட்டு, அன்றைய புரட்டல் சார்ட்டையும் சர்க்கரை அளவையும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். கேட்கிற மகன் இருக்கிறான் என்று தெரிந்தால் கவனிப்பு தானாகக் கூடும்.

புது வேலையில் லீவு கொஞ்சம்தான் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் நாளுக்குச் செலவழிக்காதீர்கள், அன்று மாமா போதும். சென்டரிலிருந்து அப்பா வீட்டுக்குத் திரும்பும் வாரத்துக்கு டிக்கெட் எடுங்கள். குளியலறையில் கைப்பிடி மாட்டுவதும், கட்டில் உயரம் சரிசெய்வதும், அம்மாவுக்குத் தூக்கி உட்கார வைக்கும் முறையைப் பிசியோவிடமிருந்து கற்றுக் கொடுப்பதும் அப்போதுதான் வரும்.