அக்ரி குரூப் – கடிதமும் பதிலும்

ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியதே பெரும்பாடு. எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி வேளாண் பிரிவில்தான் இடம் என்றார்கள். சேர்த்துவிட்டோம். விசேஷ வீட்டில் என் அண்ணன், 'மாடு மேய்க்கவா பிளஸ் டூ படிக்கிறான்' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து பையன் தன் குரூப்பின் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறான். எங்களுக்கு நிலம் இல்லை. கணவர் கட்டட வேலை செய்கிறார். வெயிலில் நிற்பது எங்களோடு போகட்டும் என்று நினைத்தோம். இப்போது அவனும் வெயிலில் நின்று பாத்தி கட்டுகிறான். இதை நிறுத்திவிட்டு பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடலாமா? நிலமே இல்லாதவனுக்கு இந்தப் படிப்பால் என்ன பயன்?

ர., திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வருத்தமாக இருந்தது, இரண்டாம் முறை கோபம் வந்தது. உங்கள் அண்ணன் அப்படிக் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பையன் கூச்சப்படுகிறான் என்கிறீர்கள். அந்தக் கூச்சத்தை அவன் பள்ளியில் கற்கவில்லை. மாமா பேசும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துக் கற்றிருக்கிறான்.

வெயில் பற்றி ஒரே வார்த்தை. உங்கள் கணவர் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தில்தான் அவன் படிக்கிறான். அந்த வெயிலை அவனிடம் கேவலமாகப் பேசாதீர்கள். அவன் அதைத் தன் அப்பாவைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வான்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. வேளாண் பட்டயப் படிப்பு முடித்தால் உதவி வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம். பூச்சிமருந்துக் கடை வைப்பதற்குக்கூட இப்போது படிப்பு கேட்கிறார்கள். நர்சரி, விதைப் பண்ணை, சொட்டுநீர் போடும் கம்பெனி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. இதையெல்லாம் அவன் ஆசிரியரே விரிவாகச் சொல்வார்.

நான் சொல்ல நினைப்பது வேறு. என் தம்பி படித்ததும் இதே குரூப்தான். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தபோது கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அவன் சேர்ந்தான். எங்கள் வீட்டிலும் நிலம் கிடையாது. அவனுக்கும் கணக்கு வராது. சதவீதம் என்றாலே எழுந்து போய்விடுவான்.

அவனுடைய வேளாண் ஆசிரியர் அவனுக்கென்று தனியாகக் கணக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு யூரியா மூட்டையைக் காட்டி, இதில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் எத்தனை கிலோ யூரியா போடுவாய் என்று கேட்டிருக்கிறார். தம்பி அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் 109 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று விடை வந்தது. அப்புறம், நெல் நாற்றை வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுதான் ஒரு குத்து) 10 சென்டிமீட்டர் என்று நட்டால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை குத்து என்றார். ஐம்பது. இதைப் பள்ளி வயலில் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணியும் பார்த்தார்கள். போட்ட கணக்கு மண்ணில் சரியாக நிற்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன் என்று தம்பி இன்றும் சொல்வான். இத்தனைக்கும் அவன் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனவன்.

விதை நெல்லைத் தேர்வு செய்வது இன்னொரு பாடம். வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு அதன் தலை வெளியே தெரிந்தால் கரைசல் தயார். நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளலாம். தம்பி வீட்டில் செய்துகாட்டியபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். முட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் குழம்பில் போட்டுவிட்டாள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது மண் மாதிரி எடுக்கும் பாடத்தை. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு வயலின் மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் ஆகாது. வரப்போரம் எடுக்கக் கூடாது. மரநிழலில் கூடாது. எருக் குவித்த இடத்தில் கூடாது. வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் மேல் குப்பையைத் தள்ளிவிட்டு, ஆப்பு வடிவத்தில் குழி வெட்ட வேண்டும். நெல் வயல் என்றால் 15 சென்டிமீட்டர் ஆழம். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தைத் திரும்பவும் கலந்து, திரும்பவும் பிரித்து, அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். அந்த அரைக் கிலோதான் முழு வயலுக்காகவும் பேசும்.

தம்பி இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் மேற்பார்வையாளர். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கும். மேலே நல்ல காய், அடியில் வெம்பலும் அழுகலும் என்று சில வண்டிகள் வரும். சில வண்டிகளில் மேலே கொஞ்சம் அடிபட்டிருந்தாலும் உள்ளே தங்கமான காய் இருக்கும். மேலே பார்த்து விலை சொன்னால் ஒன்று ஆலைக்கு நட்டம், இல்லையென்றால் விவசாயிக்கு நட்டம். தம்பி வண்டியின் முன்னால், பின்னால், நடுவில், அடியில் என்று பல இடங்களில் எடுக்கச் சொல்லி, ஒன்றாகக் கொட்டி, விவசாயியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தரம் பிரிப்பான். இதை அவனுக்கு ஆலையில் யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வயதில் வயலில் குழி வெட்டும்போது கற்றது. 'அவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று வண்டிக்காரர்கள் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவனுக்கும் இன்றுவரை சொந்த நிலம் இல்லை.

நிலமில்லாதவனுக்கு என்ன பயன் என்று கேட்டீர்களே, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

புகையான் பூச்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. நெல் தூரின் (குத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர்) அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், பயிர் தீய்ந்தது போலாகிவிடும். பார்த்ததும் மருந்தடிக்கத்தான் கை போகும். இந்தப் பிரிவில் படிக்கும் பையன்களுக்குச் சொல்லித் தருவது முதலில் எண்ணு என்பதுதான். ஒரு தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து யோசிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும். பயத்தில் முடிவெடுக்காமல் குனிந்து எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தை எந்த நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையம் சொல்லித் தருகிறது? மருத்துவருக்கு இது வேண்டாமா, வங்கி மேலாளருக்கு வேண்டாமா? மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கிவைக்கிற இடமாக இந்தப் பிரிவை நாம் ஆக்கிவைத்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் பின்னால் கோயம்புத்தூருக்குப் போய், கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமும் ஆனது. அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் எம். எஸ். சுவாமிநாதன். உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். சொன்னால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனாலும் பையன் கேட்கும்படி சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அதில் ஆசை இருந்தால் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போகட்டும். அவன் ஆசையை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை என்பதையும் கவனித்தேன். இன்றே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான் சொன்ன எல்லாமே ஆசிரியர் இருந்தால்தான் நடக்கும். பல பள்ளிகளில் வேளாண் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், பிரிவையே மெல்ல மூடிவிடுகிறார்கள். உங்கள் பையன் பாத்தி கட்டுகிறான் என்பதால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று தெரிகிறது. அவருக்கு இன்னும் எத்தனை வருடப் பணி இருக்கிறது, அவருக்குப் பின் யார் வருவார் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். செயல்முறை வகுப்புக்கு விதையும் கருவியும் வாங்கப் பணம் வருகிறதா என்றும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மனுவாக எழுதிக் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம், அந்த குரூப்பில் படிக்கும் மற்ற பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.