சொல்லாதீங்க மிஸ்

அன்புள்ள ஐயா,

பள்ளியொன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் தன்னிடம் தப்பாக நடப்பதாகச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள். "அவரை இனி வீட்டுக்குள்ள விடமாட்டோம், போலீஸ் மட்டும் வேண்டாம்" என்று அவள் அம்மா அழுகிறார். தலைமையாசிரியரோ முதலில் விசாரித்து உறுதிசெய்யச் சொல்கிறார். நம்பிச் சொன்ன குழந்தையை நானே காட்டிக்கொடுப்பதா?

ர.

அன்புள்ள ர.,

உடனே புகார் கொடுங்கள் என்று அன்றே தனியாக எழுதியிருந்தேன். காரணங்களை இங்கே சொல்கிறேன். (குழந்தையை அடையாளம் காண முடியாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆலோசகருக்கு அதில் விலக்கு இல்லை. பெற்றோர் சம்மதமும் தேவையில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது.

உங்கள் தலைமையாசிரியரின் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விசாரணை போலீஸ் வேலை. நீங்கள் துருவித் துருவிக் கேட்டால், நாளை எதிர்த்தரப்பு வக்கீல் "மிஸ் சொல்லிக்கொடுத்தது" என்பார். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். "அங்க தொட்டாரு" என்றால் அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

அம்மாவின் பயம் வாசலில் நிற்கப்போகும் ஜீப்பைப் பற்றியது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. எல்லா ஸ்டேஷனிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அதனால்தான் நீங்கள் கூடவே இருக்க வேண்டும். மற்றபடி, "வீட்டுக்குள்ள விடமாட்டோம்" என்பது அடுத்த தீபாவளிவரை தாங்கும். அந்த ஆளுக்குப் போய்வர வேறு வீடுகளும் உண்டு, அங்கும் பிள்ளைகள் உண்டு.

இந்தச் சட்டத்தில் சிக்கலே இல்லை என்றும் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதத்தோடு நடந்ததும் இதில் குற்றம்தான் என்பதால், பதினேழு வயதுக் காதலில் கர்ப்பமான பெண்ணை இந்தக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கே வரவிடாமல் விரட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பெயரைப் போலீசுக்குத் தர வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மாணவி விஷயத்தில் அந்தக் குழப்பம் கிடையாது.

யாரிடம், எதை, ஏன் சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் அவளிடமே சொல்லிவிடுங்கள். அப்பாவோடு சண்டை, தோழிமேல் பொறாமை என்று அவள் பேசிய மற்றதெதுவும் புகாரில் வர வேண்டாம்; அந்த ரகசியம் இன்னும் உங்கள் பொறுப்பு. இனி வரும் பிள்ளைகளிடம், எதை மறைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். இவள் வழக்கமாக வரும் நேரத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.