முட்டியில சிராய்ப்பு, நாலாம் நாள் நெறி கட்டியிருக்கு: டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. என் பையனுக்கு 6 வயசு. போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிறேன்னு போயி சரளைக்கல் கொட்டியிருந்த இடத்துல சறுக்கி விழுந்துட்டான், வலது முட்டியில நல்லா தோல் வழட்டிக்கிச்சு. ரத்தம் நிக்கணும்னு மாமியார் காபித்தூள் வெச்சு அமுக்கினாங்க, மறுநாள் மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைச்சுப் போட்டாங்க, நான் நியோஸ்போரின் பவுடர் தூவினேன். தண்ணி பட்டா சீழ் வைக்கும்னு முட்டிய நனைக்காமதான் குளிப்பாட்டுறேன். இன்னிக்கு நாலாம் நாள். புண்ணச் சுத்தி வீங்கி சூடா இருக்கு, பொருக்குக்கு அடியிலேருந்து மஞ்சளா கசியுது, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு, உடம்பும் லேசா சுடுது. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுக்கலாமா, இல்ல இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமா? – ஒரு அம்மா, அருப்புக்கோட்டை

பதில்: தங்கச்சி, உங்க மெயில் வந்த அன்னிக்கே ஆபீஸ்லேருந்து உங்களுக்கு போன் பண்ணி, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டோம், நீங்களும் போயிட்டு வந்து பையன் இப்ப நல்லா நடக்கிறான்னு சொன்னீங்க, மனசு நெறஞ்சுது. ஆனா இதே மாதிரி மாசத்துக்கு நாலஞ்சு கடிதம் வருது, அதனால மத்த அம்மாக்களுக்கும் சேத்து விளக்கமா எழுதறேன்.

முதல்ல உங்க மெயில்லேயே இருக்கிற விஷயம். சூடு, வீக்கம், கசிவு, நெறி கட்டுறது, காய்ச்சல் எல்லாத்தையும் நீங்க சரியா கவனிச்சு எழுதியிருக்கீங்க. இதுல நெறி கட்டியிருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது முக்கியமான தகவல். முட்டி, பாதத்துல கிருமி ஏறினா தொடை இடுக்குல நெறி கட்டும், கையில, முழங்கையில புண்ணுன்னா அக்குள்ல கட்டும், அதாவது புண்ணுல இருக்கிற கிருமிய அங்க மறிச்சு உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். நெறி மட்டும் சின்னதா, வலி இல்லாம இருந்தா பயம் இல்ல, ஆனா அதோட காய்ச்சலும் புண்ணச் சுத்தி சூடும் சேந்தா வீட்டுல வெச்சுப் பாக்கிற கட்டம் தாண்டிப் போச்சு.

எது சாதாரணம், எது இன்ஃபெக்ஷன்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது? சிராய்ப்பு ஆன முதல் ரெண்டு நாள் ஓரத்துல கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், தெளிவா தண்ணி மாதிரி கசிவு, இதெல்லாம் புண்ணு ஆறுறதோட பாகம்தான். புண்ணு மேல வெளிர் மஞ்சளா மெல்லிசா ஒரு படலம் படியும், அதையும் நெறய பேர் சீழ்னு நினைச்சு தேச்சு எடுத்துடுறாங்க, அது சீழ் இல்ல. சீழ்ங்கிறது கெட்டியா, கலங்கலா, சில சமயம் நாத்தத்தோட, ஓரத்த அமுக்கினா பொங்கி வரும். எல்லாத்தையும் விட நான் நம்புறது வலியைத்தான். நல்லபடியா ஆறுற புண்ணு ஒவ்வொரு நாளும் முந்தின நாள விட கம்மியா வலிக்கணும், மூணாம் நாள் வலி கூடுதுன்னா, நேத்து ஓடினவன் இன்னிக்கு நொண்டுறான்னா, உள்ள ஏதோ நடக்குது.

இன்னொண்ணு சொல்லணும், இத யாரும் சரியா சொல்றதில்ல. புத்தகத்துல, நெட்டுல இருக்கிற படத்துல எல்லாம் இன்ஃபெக்ஷன்னா பளிச்சுனு சிவப்பா காட்டுவாங்க, அது வெள்ளைத் தோல்ல எடுத்த படம். நம்ம பிள்ளைங்க மாநிறம், கறுப்பு, அந்தத் தோல்ல சிவப்பு அவ்வளவா தெரியாது, சுத்தியிருக்கிற தோல் இன்னும் கறுத்தோ ஊதா கலரிலயோ, இழுத்துக் கட்டின மாதிரி பளபளன்னோதான் தெரியும். அதனால கண்ணால மட்டும் பாக்காம உங்க புறங்கைய வெச்சுப் பாருங்க, ரெண்டு முட்டியையும் மாத்தி மாத்தி தொட்டா எது சூடுன்னு உடனே தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு பால்பாயிண்ட் பேனா எடுத்து வீக்கம், நிறம் மாறின எடத்தோட ஓரத்தச் சுத்தி கோடு போட்டு பக்கத்துல மணிய எழுதிடுங்க. டாக்டர்கள் வார்டுல செய்யிறதும் இதான். கோட்ட தாண்டி வெளிய பரவுதுன்னா காத்திருக்க வேணாம், கிளம்புங்க.

இப்ப காபித்தூளுக்கு வரேன். மாமியார் மேல கோபப்படாதீங்க, அவங்க காலத்துல கையில கெடச்சத வெச்சு ரத்தத்த நிறுத்தினாங்க, பாசத்துலதான் செஞ்சாங்க. ஆனா காபித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட், சாம்பல் எதுவுமே கிருமி இல்லாத பொருள் கிடையாது, அதுவும் ரத்தமும் சேந்து மேல ஒரு மூடி மாதிரி காஞ்சிடும், அடியில மண்ணும் கிருமியும் பத்திரமா இருக்கும். எங்க ஓபிக்கு இப்படி வர்ற குழந்தைக்கு அந்தத் தூள ஊற வெச்சு ஊற வெச்சு எடுக்கறதுக்குள்ள அது அழுற அழுகைய கேக்க முடியாது, விழுந்தப்ப கூட அவ்வளவு அழுதிருக்காது. பவுடர் மருந்தும் கசிவோட சேந்து கட்டி தட்டிடும், ஈரமான சிராய்ப்புக்கு அது வேணாம்.

தண்ணி பட்டா சீழ் வைக்கும்ங்கிறது நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு சொல்ற பேச்சு, உண்மை அப்படியே தலைகீழ். சிராய்ப்புக்கு முதல் மருந்தே தண்ணிதான். விழுந்த உடனே கைய சோப்பு போட்டு கழுவிட்டு, குழாய் தண்ணி ஓட ஓட 5 நிமிஷமாவது புண்ணக் காட்டணும். குழாய் இல்லன்னா சொம்புல மொண்டு மொண்டு ஊத்துங்க. குடிக்கிற தரத்துல இருக்கிற தண்ணி போதும், சலைன் பாட்டில்தான் வேணும்னு இல்ல, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சிகள்ல சாதா குழாய் தண்ணியால இன்ஃபெக்ஷன் கூடினதா தெரியல. உங்க ஏரியா தண்ணி கலங்கலா வந்தா கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்துங்க. சோப்பு புண்ணச் சுத்தி இருக்கிற தோலுக்கு போதும். ஒட்டியிருக்கிற மண்ணையும் பொடிக்கல்லையும் நனைச்ச காஸ் துணியால மெதுவா ஒத்தி எடுக்கணும், ஆழமா பதிஞ்சிருந்தா ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும், விட்டுட்டா கிருமிக்கு எடம் குடுக்கிறதோட, ஆறின பிறகு பச்சை குத்தின மாதிரி நீலக்கறுப்பா தழும்பு அங்கேயே நின்னுடும். டெட்டால கலக்காம ஊத்துறது, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்க நுரைக்க ஊத்துறது எல்லாம் எரிச்சல்தான், புதுசா வளர்ற தோலையும் சேத்து கருக்கும்.

கழுவின பிறகு காத்தாட விடணும், காஞ்சாத்தான் ஆறும்னு நினைக்கிறோம். 1962-லேயே ஜார்ஜ் வின்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் பன்னிக்குட்டிங்க தோல்ல பண்ணின ஆராய்ச்சியில, காய விட்ட புண்ண விட மூடி ஈரப்பசையோட வெச்ச புண்ணுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல புதுத் தோல் மூடினத காட்டிட்டார். அதனால மெல்லிசா வாசலின் தடவி, ஒட்டாத காஸ் (மெடிக்கல்ல பாராஃபின் காஸ்னு கேளுங்க) வெச்சு கட்டி, தினம் ஒரு தடவை, நனைஞ்சா உடனே மாத்துங்க. பஞ்ச நேரா புண்ணு மேல வெக்காதீங்க, நார் ஒட்டிக்கும். கட்டு ஒட்டிக்கிச்சுன்னா வெடுக்குன்னு பிடுங்காம வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ஊற விடுங்க.

இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சுன்னு தெரிஞ்ச பிறகு? சின்ன எடத்துல கொஞ்சமா கசிவு, காய்ச்சல் இல்ல, பையன் ஓடி ஆடுறான்னா டாக்டர் புண்ண சுத்தம் பண்ணி மியூபிரோசின் மாதிரி ஆயின்மென்ட் மட்டும் எழுதலாம். உங்க பையன் மாதிரி பரவி, நெறி கட்டி, காய்ச்சலும் வந்தா வாய் வழியா ஆன்டிபயாடிக் வேணும், பெரும்பாலும் செஃபலெக்சின் இல்ல அமாக்சிசிலின்–கிளாவுலானிக் ஆசிட், எடைக்குத் தகுந்த அளவுல 5-லேருந்து 7 நாள். மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்கன்னு நான் கெஞ்சிக் கேக்கிறேன், இருமலுக்கு வாங்கி மீந்த சிரப்ப எடுத்துக் குடுக்கிறதும் வேணாம், இந்த கிருமிக்கு அது கேக்காம போகலாம், தண்ணி கலந்து நாள் தாண்டின சிரப்புல மருந்து சக்தியும் இருக்காது. ஆரம்பிச்ச 48 மணி நேரத்துல வலியும் சூடும் குறையணும், குறையலன்னா கோர்ஸ் முடியட்டும்னு உக்காராம திரும்பக் காட்டுங்க. குறைஞ்சிடுச்சுன்னு பாதியில நிறுத்தவும் கூடாது.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல வேணாம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். இதுல அம்மாக்கள் தடுமாறுற எடம் ஒண்ணு இருக்கு, 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் 250 இருக்கிற சிரப்பும் கடையில பக்கத்துல பக்கத்துல இருக்கும், முதலாவதுல 12 மில்லி, ரெண்டாவதுல 6 மில்லி, ரெண்டையும் மாத்திக் குடுத்தா ஒண்ணு பத்தாது, இல்ல ரெட்டிப்பா போயிடும். லேபிள படிக்காம குடுக்காதீங்க. ஆஸ்பிரின் குழந்தைக்கு வேணவே வேணாம்.

ராத்திரின்னு கூட பாக்காம கிளம்ப வேண்டியது எப்பன்னா: புண்ணுலேருந்து மேல நோக்கி கோடு மாதிரி சிவந்தோ கறுத்தோ ஏறுது, மணிக்கு மணி பரவுது, புண்ணு சின்னதா இருக்க வலி மட்டும் தாங்க முடியாம கத்துறான், முட்டிய மடக்கவே முடியல, கால ஊன மாட்டேங்கிறான் (மூட்டுக்குள்ள சீழ் வெச்சிருக்கலாம், ஒரு நாள் தள்ளினாலும் மூட்டு கெட்டுப் போகும்), காய்ச்சலோட சோந்து போயி எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்கிறான், மூச்சு வேகமா வாங்குது, கை கால் ஜில்லுன்னு இருக்கு, அரை நாளா ஒண்ணுக்கு போகல. உடனே 108-க்கு போடுங்க. சர்க்கரை உள்ள பிள்ளை, ஸ்டீராய்டு சாப்பிடுற பிள்ளைன்னா சின்ன புண்ணுக்கே சீக்கிரமா காட்டிடுங்க.

பத்தியம் பத்தி நீங்க கேக்கல, ஆனா கட்டாயம் வீட்டுல சொல்லியிருப்பாங்க. பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் வைக்கும்ங்கிறது உண்மை இல்ல. புதுத் தோல் வளர புரதம்தான் வேணும், நல்லா பருப்பு சாதம் பெசஞ்சு, முட்டை அவிச்சுக் குடுங்க, கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ.

கேள்வி: பேரன் விழுந்து எழுந்திரிக்கிறப்ப எல்லாம் செப்டிக் ஆகாம இருக்க டிடி ஊசி போட்டுடுறேன். இந்த வருஷம் மூணு ஊசி ஆச்சு. வயசு 8. அடிக்கடி போட்டா தப்பா? – ஒரு தாத்தா, புதுக்கோட்டை

பதில்: ஐயா, உங்க அக்கறை புரியுது, ஆனா அந்த ஊசி சீழ் பிடிக்கறத தடுக்காது. அத செப்டிக் ஊசின்னு நம்ம ஊர்ல சொல்லிச் சொல்லி, ஊசி போட்டாச்சு இனி கவலை இல்லன்னு புண்ண கழுவாம விட்டுடுறாங்க, அதுதான் எனக்கு பெரிய வருத்தம். புண்ணு விஷயத்துல அது தடுக்கிறது ரணஜன்னிய (டெட்டனஸ்) மட்டும். மண்ணுலயும் மாட்டுச் சாணத்துலயும் இருக்கிற ஒரு கிருமியால வர்றது அது, வந்தா உயிருக்கே ஆபத்து, அதனால ஊசி அவசியம்தான், ஆனா கணக்கு இருக்கு. 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட், 16-லேருந்து 24 மாசத்துக்குள்ள ஒரு டிபிடி, 5–6 வயசுல இன்னொண்ணு, அப்புறம் 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி (இப்ப போடுறது Td), இது எல்லாத்துலயும் ரணஜன்னி தடுப்பும் சேந்தே இருக்கு. இத விடாம போட்டிருந்தா, சுத்தமான சின்ன காயத்துக்கு கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தாத்தான் திரும்ப வேணும், மண்ணு சாணி பட்ட காயம்னா 5 வருஷம். உங்க பேரன் 5 வயசு ஊசிய போட்டிருந்தா இந்த மூணுமே தேவைப்பட்டிருக்காது. தேவையில்லாம அடுக்கடுக்கா போட்டா கை வீங்கி வலிக்கும். தடுப்பூசி அட்டைய எடுத்துப் பாருங்க, அதுல ஏதாவது விட்டுப் போயிருந்தா மட்டும் பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு மூக்குக்குக் கீழயும் கால்லயும் பொருக்கு பொருக்கா புண்ணு. பக்கத்து வீட்டு அக்கா அக்கின்னு சொல்லி காவி எழுதச் சொன்னாங்க. இப்ப சின்னவனுக்கும் வந்திருக்கு. – ஒரு வாசகி, ஆவடி

பதில்: பொருக்கு வெல்லப்பாகு காஞ்ச மாதிரி பழுப்பு மஞ்சளா இருக்கான்னு பாருங்க. அப்படின்னா இது அக்கியா இருக்க வாய்ப்பு கம்மி, இம்பெடிகோன்னு ஒரு தோல் இன்ஃபெக்ஷன், சொறிஞ்ச எடத்துலயோ சிராய்ப்புலயோ கிருமி உக்காந்து வர்றது, கையால தொட்டு தொட்டு வீட்டுல எல்லாருக்கும் பரவும், சின்னவனுக்கு வந்ததும் அப்படித்தான். ரெண்டு பேரையும் சேத்துக் காட்டுங்க, துண்டு, தலையணை உறை தனித்தனியா வெச்சு வெந்நீர்ல அலசுங்க, நகத்த ஒட்ட வெட்டுங்க, மருந்து ஆரம்பிச்சு 24 மணி நேரம் கழிச்சு ஸ்கூலுக்கு அனுப்பலாம். ராத்திரி ராத்திரி அரிப்பு இருக்கான்னு கேளுங்க, சிரங்கு இருந்தா அதுக்கும் சேத்து வைத்தியம் பாக்கலன்னா இது திரும்பத் திரும்ப வரும்.

புண்ணு ஆறின பிறகும் ஒரு விஷயத்த மறக்காதீங்கம்மா. இந்த புண்ணுக்கு காரணமான கிருமிகள்ல ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ல ஒரு வகை, 3-லேருந்து 6 வாரம் கழிச்சு கிட்னிய தாக்கலாம். எல்லாருக்கும் வராது, ஆனா வந்தா காலையில எழுந்திரிக்கும்போது கண்ணும் முகமும் உப்பியிருக்கும், ஒண்ணுக்கு கட்டஞ்சாயா (பால் கலக்காத டீ) கலர்ல, கம்மியா போகும், தலைவலி வரும். நெறய வீட்டுல தூங்கி எழுந்த முகம்னு விட்டுடுறாங்க. அன்னிக்கே யூரின் டெஸ்டும் பிரஷரும் பாக்கணும், ஒரு மாசம் முன்னாடி புண்ணு இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட நீங்களா சொல்லணும், அவர் கேக்கிற வரைக்கும் இருக்காதீங்க.

கேள்வி: தெருநாய் துரத்தி பையன் கீழ விழுந்து கை முட்டி சிராய்ச்சுது, நாய் கடிக்கல. ஊசி வேணுமா? – ஒரு அப்பா, ஈரோடு

பதில்: நாயோட பல்லோ நகமோ எச்சிலோ அவன் மேல படவே இல்லன்னு உறுதியா தெரிஞ்சா வெறிநாய் ஊசி வேணாம், மேல சொன்ன மாதிரி சிராய்ப்பா பாத்துக்கலாம். ஆனா பயந்து ஓடுற பிள்ளைக்கு எது நகம் கீறினது, எது தார் ரோடு உரசினதுன்னு தெரியாது, திட்டாம உக்கார வெச்சு கேளுங்க, கால், முதுகெல்லாம் கழட்டிப் பாருங்க. சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, ஊசி இலவசம், தோல்ல போடுற முறையில 0, 3, 7, 28-ஆவது நாள்னு நாலு தடவை, ரத்தம் வந்த கீறல்னா முதல் நாளே புண்ணச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (வெறிநாய்க் கிருமிய உடனே எதிர்க்கிற மருந்து) போடணும். 28-ஆவது நாள் ஊசிக்குத்தான் நெறய பேர் வர்றதில்ல, தேதிய இப்பவே காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிடுங்க.