'பெட் இல்லை' என்று அரசு ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

இடமில்லை என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டா, அரசு சொன்ன உறுதியெல்லாம் கடற்கரை ஊர்களில் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். எங்கள் பக்கம் யாரும் "இடமில்லை" என்று சொல்லிக் கேட்டதில்லை. "ரெஃபர் பண்ணியிருக்கு" என்பார்கள், அதாவது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். சீட்டிலும் அதுதான் இருக்கும்.

சித்தப்பாவுக்கு விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு காலில் சுற்றித் தொடை எலும்பு முறிந்தது. கரைக்கு வரவே நாலு மணி நேரம். முதல் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள், இரண்டாவதில் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதில், விடியற்காலையில், வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். பதிவேட்டில் அவர் 'அட்மிட்' ஆகிவிட்டார். கணக்கில் ஒரு குறையும் கிடையாது!

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்து, கடைசியில் தனியாரில் சேர்த்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் இது உயிர் வாழும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவை மீறியது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே விசாரித்து அனுப்ப ஒரு தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. எங்களுக்குக் கிடைக்காதது அந்த ஒரு போன்தான்.

சித்தப்பாவுக்கு இது நடந்தது ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11-ல் அதுவும் ஒன்று. அதற்குக் கொஞ்சம் முன்புதான், 2021 டிசம்பரில், 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், நல்ல திட்டம். ஆனால் சாலை விபத்துக்கு மட்டும். கடலில் சாலைக்கு எங்கே போக? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சித்தப்பாவிடம் இருந்தது, வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்.

அதனால் நான் சொல்வது இதுதான். ரெஃபர் என்றதும் சண்டைக்குப் போகாதீர்கள், டியூட்டி டாக்டர் பாவம், அவர் ஒரு ஆள். "அங்கே யாரிடம் பேசினீர்கள், எந்த வார்டு?" என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் உங்கள் முன்னால் பேசச் சொல்லுங்கள். காரணத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 108-லேயே போங்கள். சொந்த வண்டியில் போனால் வழியில் ஒன்று ஆனால் பார்க்க ஆளிருக்காது. அப்புறம் புகார் கொடுப்பதென்றால் அந்தச் சீட்டும் நேரமும்தான் கையிலிருக்கும் ஆதாரம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அன்றைக்கு எத்தனை படுக்கை காலியாக இருந்தது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சித்தி இப்போது காப்பீட்டு அட்டையைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார், படகு ஓட்டுநரின் போனிலும்.