தமொக்சிபனை நிறுத்தவும் வேண்டாம், பவுடரைக் குடிக்கவும் வேண்டாம்

கேள்வி: வயது 46, கோண்டாவில். மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து ஒரு வருடமாகிறது. இப்போது தமொக்சிபன் குளிசை போடுகிறேன். நிறை 9 கிலோ கூடிவிட்டது. குளிசைதான் காரணம், நிறுத்து என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் மெலிவதற்கு மூலிகைப் பவுடர் தந்திருக்கிறார். குடிக்கலாமா?

பதில்: குடிக்க வேண்டாம், சகோதரி. குளிசையையும் நிறுத்த வேண்டாம். நோய் திரும்பி வராமல் காப்பதற்குத்தான் அதைத் தருகிறார்கள். தமொக்சிபனையும் மருந்தில்லாத வெறும் குளிசையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் நிறை ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியது. உங்கள் வயதில் கீமோவோடு மாதவிடாய் நின்றிருக்கலாம், அதனாலும் நிறை கூடும். வாந்திக்குத் தரும் டெக்சாமெதசோன் பசியைக் கிளப்பும். களைப்பில் படுத்தே கிடந்தால் தசை கரைந்து கொழுப்பு ஏறும். அதோடு நம் வீட்டு அன்பும் சேரும். "பிள்ளை களைச்சுப்போனாள்" என்று காலையில் முட்டைக்கோப்பி, பின்னேரம் சீனி போட்ட மோல்ட் பானம். சிகிச்சை முடிந்த பிறகும் அது நிற்பதில்லை.

இனி அந்தப் பவுடர். எனக்குக் காட்டப்பட்ட ஒரு டப்பாவில் இலைப் படமும் தொலைபேசி இலக்கமும் மட்டும்தான் இருந்தன. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. "மூலிகை" என்று விற்ற மெலிவு மருந்துகளில் சிபுற்றமின் ஒளித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்தென்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவொக்செற்றின் கலந்தவையும் அகப்பட்டன. அது தமொக்சிபன் உடலில் வேலை செய்வதையே குறைக்கும். விற்கிறவர் சொந்தக்காரராக இருக்கலாம், கோயிலில் தினமும் காண்கிறவராக இருக்கலாம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். "குளிசையை விட்டுவிட்டு இதைக் குடியுங்கோ" என்று சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

இவர்கள் பிழைப்பதற்கு வழிவிட்டது நமது முறைதான். கிளினிக்கில் இரண்டு நிமிடம், "நிறையைக் குறையுங்கோ", அடுத்த திகதி மூன்று மாதத்துக்குப் பிறகு. எப்படிக் குறைப்பது என்று உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை. இது எனக்குப் பெரிய ஆத்திரம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். பட்டினி வேண்டாம், இருக்கிற தசையும் போய்விடும். நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். புட்டு, இடியப்பத்தின் அளவைக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, கீரையைக் கூட்டுங்கள். மார்புப் புற்றுநோய்க்குக் கூடாது என்று சோயா மீற் கறிக்குப் பயப்பட வேண்டாம். வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் கிழமையில் ஐந்து நாள், அரை மணிநேரம் என்று கொண்டுவாருங்கள். இரண்டு நாள் தசைக்கு: கைபிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது. ஒப்பரேஷன் செய்த பக்கக் கையாலும் படிப்படியாகத் தூக்கலாம். வீக்கம் கண்டால் காட்டுங்கள். மாதம் ஒரு கிலோ குறைந்தாலே நல்லது.

ஒன்றை மட்டும் நிறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் அது கொழுப்பல்ல, இரத்தம் உறைந்திருக்கலாம். தமொக்சிபன் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். வீக்கம் இல்லாமலே திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு நொந்தாலும் இதே சந்தேகம்தான். இரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "தமொக்சிபன் போடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.