ஒரு கேமரா, ஒரு லென்ஸ்: புகைப்படத் தொழில் தொடங்குவோருக்கான கேள்வி பதில்

குறைந்த கருவிகளோடு புகைப்படத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஒரு கேமரா, ஒரு லென்ஸ் என்று தொடங்கியவன்தான் என்பதால், வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 24 மெகாபிக்சல் கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் மட்டுமே இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு பணம் வாங்குவது முறையா?

பதில்: எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 24 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 6000-க்கு 4000 பிக்சல் இருக்கும். 18-க்கு 12 அங்குல ஆல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட 5400-க்கு 3600 போதும். ஆகவே அச்சின் தரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வெளிச்சத்தைப் பற்றித்தான். அந்த லென்ஸை 55 மில்லிமீட்டரில் வைத்தால் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆகத் துளை பெரிதாகும்), எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸோடு ஒப்பிட்டால், உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பகலில் திறந்தவெளியில் எடுக்கும் உருவப்படங்கள், குடும்பப் படங்கள், மேசை மேல் வைத்து எடுக்கும் பொருட்படங்கள் ஆகியவற்றைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். மங்கலான அரங்கில் இரவு நேர நிகழ்ச்சி என்று யாராவது வந்தால், இப்போதைக்கு இயலாது என்று சொல்லி, இயன்ற ஒருவரைக் காட்டிவிடுங்கள். நான் அப்படி அனுப்பிவைத்தவர்களில் சிலர் பிறகு பகல் வேலைக்கு என்னையே தேடி வந்தார்கள்.

கேள்வி: அண்ணா, கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கூடுதலாக இரண்டு மெமரி கார்டுகள், இரண்டாவது பேட்டரி, இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகள் ஆகியவற்றை வாங்குங்கள். யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாத பொருள்கள்தான் என்றாலும், எடுத்த படத்தைக் காப்பாற்றித் தருபவை அவையே. அதன் பிறகு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. ஐம்பது மில்லிமீட்டர்தான் எல்லோரும் சொல்வது. ஆனால் உங்கள் கேமராவில் ஒளியைப் படமாக்கும் சென்சார் சிறியது என்பதால், அதில் 50 என்பது 75 அல்லது 80 போலக் குறுகிய காட்சியையே காட்டும். சிறிய அறையில் நான்கு பேரை நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தால் உங்கள் முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள் எடுக்கும் வேலை அதிகம் என்றால் 35 வாங்குவதே நல்லது. எதுவாயினும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டுடியோ விளக்குகள் இல்லை. கேமராவிலுள்ள ஃப்ளாஷைப் போட்டால் முகம் எண்ணெய் வடிந்ததுபோல் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்தச் சிறிய ஃப்ளாஷை மூடி வைத்துவிட்டு, வீட்டில் நேரடி வெயில் விழாத பெரிய சன்னல் ஒன்றைத் தேடுங்கள். படமெடுக்கப்படுபவரைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். அறையிலுள்ள டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கன்னத்தில் ஒரு நிறமும் மறு கன்னத்தில் வேறு நிறமுமாக வந்து, திருத்தும்போது உயிரை வாங்கும். இப்போது சன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் இருண்டிருக்கும். ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை அந்தப் பக்கம் பிடித்து, மெல்ல மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டு வாருங்கள். கண்ணுக்குக் கீழிருந்த கருமை முதலில் தெளியும், பிறகு மூக்கோரத்து நிழல் இளகும். இன்னும் நெருக்கினால் முகம் தட்டையாகிவிடும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒளியைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்தப் பலகையைப் பிடித்துக் கற்றதுதான்.

பின்னர் தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்கும்போது, தலை திரும்பக்கூடியதாகப் பார்த்து வாங்கி, வெள்ளைக் கூரையில் ஒளியை மோதவிட்டுப் பயன்படுத்துங்கள். கூரை பச்சை வண்ணத்தில் இருந்தால் முகமும் பச்சையாகும் என்பதை மறக்க வேண்டாம். நேராக அடிக்க நேர்ந்தால், தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து ஆட்களை நிறுத்துங்கள். முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருண்டு போவதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: பழைய கேமராவும் லென்ஸும் விலைக்கு வருகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: படமெடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள், தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டரின் ஆயுள் 1,00,000 முறை என்ற அளவில்தான் கணக்கிடப்படுகிறது. லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் ஒட்டிய தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். அதைத் துடைத்துவிடலாம் என்பதால் பயப்பட வேண்டாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது? உறவினர்கள் இலவசமாகவே கேட்கிறார்கள்.

பதில்: நான்கு மணி நேர வேலை என்று நாம் சொல்வது நான்கு மணி நேரத்தில் முடிவதில்லை. போய் வர இரண்டு மணி நேரம், முன்கூட்டிப் பேச ஒரு மணி நேரம், எடுத்த 600 படங்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்க இரண்டு மணி நேரம், பொறுக்கிய 100 படங்களைத் தலைக்கு மூன்று நிமிடம் திருத்தினாலும் ஐந்து மணி நேரம். ஆக மொத்தம் 14 மணி நேரம். கிடைக்கும் தொகையை நான்கால் வகுத்து மகிழ்கிறவர் சில மாதங்களில் சோர்ந்து போய்விடுகிறார். நேரத்துக்கான கூலியோடு, கருவிகளின் தேய்மானத்துக்கும் ஒரு பங்கைச் சேர்த்தே தொகையைச் சொல்லுங்கள்.

உறவினர்களுக்கு இலவசமாகச் செய்வது உங்கள் விருப்பம். ஆனால் முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே தள்ளுபடியையும் எழுதி, பூச்சியம் என்று முடியும் ரசீதைக் கையில் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்தவர்கள் அடுத்த முறை சும்மா கேட்கத் தயங்குவார்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்டி எடிட்டிங் மென்பொருள் வாங்க வசதியில்லை.

பதில்: டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை, முதலிரண்டில் ஒன்றை ரா கோப்புகளுக்கு, அதாவது கேமரா திருத்தாமல் பதிந்த மூலப் படங்களுக்கு, பழகிக்கொண்டால் போதும்.

கேள்வி: மெமரி கார்டு பழுதாகிப் படங்கள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கார்டைவிட நம் கைதான் ஆபத்தானது. ஒரு குடும்ப விழா முடிந்த இரவு, நகலெடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் நானே கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். நகலான கோப்புறையில் பாதிப் படங்கள்தான் இருந்தன. கார்டில் அதன் பிறகு ஒரு படமும் எடுக்காததால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பெரும்பாலானவற்றை மீட்க முடிந்தது; மேலே புதிதாகப் பதிந்திருந்தால் அவையும் போயிருக்கும். அன்றிலிருந்து நிரம்பிய கார்டைப் பெட்டியில் முகம் கவிழ்த்தே வைக்கிறேன். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கிறேன். வாடிக்கையாளர் படங்களைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் வரை கார்டை அழிப்பதில்லை.

கேள்வி: இதுவரை வாடிக்கையாளரே இல்லை. காட்டுவதற்குப் படங்கள் வேண்டுமே? பயிலரங்கில் எடுத்தவற்றைக் காட்டலாமா?

பதில்: பயிலரங்கில் விளக்கை அமைத்தவர் வேறொருவர், நிற்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவரும் வேறொருவர், அதைப் பார்த்து வருபவர் அதே தரத்தை உங்களிடம் எதிர்பார்ப்பார். அதைவிட, எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையையே தெரிந்தவர் இருவருக்குச் செய்து கொடுத்து, அதிலிருந்து 12 படங்களை மட்டும் காட்டுங்கள். பிறரின் முகத்தை வெளியிடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி பெறுங்கள். குழந்தைகளின் படம் என்றால் பெற்றோரிடம் கட்டாயம் பெற வேண்டும்.

கேள்வி: ஒரே கேமரா வேலைக்கு நடுவே நின்றுவிட்டால்?

பதில்: என்றாவது ஒருநாள் நின்றுதான் போகும். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சி என்றால், அன்றைக்கு மட்டும் இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். அருகிலுள்ள இன்னொரு புகைப்படக்காரரோடு, ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் போவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவராலும் முடியாமல் போனால் முன்பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்பதையும், முன்பணம் வாங்கும் அன்றே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.